காப்புறுதிப் பத்திரம் வீசாவுக்கு மட்டுமல்ல

உயர்கல்விக்காக வெளிநாடு செல்லும் மாணவர்கள் இன்று கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் மட்டும் புறப்படுவதில்லை. கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, சொறிக்கல்முனை, அக்கரைப்பற்று எனக் கிழக்கின் ஊர்களிலிருந்தும் எமது பிள்ளைகள் புறப்படுகின்றனர். அனுமதிக் கடிதம், வங்கிக் கூற்று, ஆங்கிலத் தேர்ச்சிப் பெறுபேறு ஆகியவற்றுக்காக மாதக்கணக்கில் அலையும் பெற்றோர், பட்டியலின் இறுதியில் வரும் காப்புறுதியை வீசாவுக்கான இன்னுமொரு கடதாசியாகவே பெரும்பாலும் கருதுகின்றனர். எது மலிவு என்று மட்டுமே கேட்கப்படுகின்றது. அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை வாசித்துப் பார்ப்போர் சிலரே.

இதற்குக் காரணம் உண்டு. எமது நாட்டில் நோயுற்றவர் அரச வைத்தியசாலைக்குச் சென்றால் எவரும் காப்புறுதி அட்டையைக் கேட்பதில்லை. தொழிலுக்காகச் செல்வோர் கூட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்வதன் மூலம் ஒரு காப்புறுதியைப் பெறுகின்றனர். மாணவர் வீசாவில் செல்பவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. தனக்குரிய காப்புறுதியைத் தானே தேடிக்கொள்ள வேண்டியவர் அவர்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, பயணக் காப்புறுதியும் சுகாதாரக் காப்புறுதியும் ஒன்றல்ல என்பதாகும். பயணக் காப்புறுதி குறுகிய காலத்துக்குரியது. திடீர் நோய், விபத்து, தொலைந்த பயணப்பொதி, தடைப்பட்ட விமானப் பயணம் என்பவையே அதன் எல்லை. சுகாதாரக் காப்புறுதியோ கல்விக்காலம் முழுவதற்குமான மருத்துவச் செலவைச் சார்ந்தது. ஒன்றை வாங்கிவிட்டு மற்றையதும் அதில் அடங்கும் என எண்ணுவதே பலரும் இழைக்கும் தவறு.

நாட்டுக்கு நாடு விதிகளும் வேறுபடுகின்றன. அவுஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவருக்கான சுகாதாரக் காப்புறுதி வீசா நிபந்தனையாகும். தங்கியிருக்கும் காலம் முழுவதும் அது நடைமுறையில் இருக்க வேண்டும். ஆயினும், ஏற்கெனவே இருந்த நோய்களுக்குப் பொதுவாக 12 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. சாதாரண பல், கண் சிகிச்சைகள் அடிப்படைத் திட்டத்தில் அடங்குவதில்லை. நோயாளியைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரும் செலவையும் அது ஏற்பதில்லை.

ஐக்கிய இராச்சியத்தில் 2015ஆம் ஆண்டு முதல் வீசா விண்ணப்பத்துடன் சுகாதார மேலதிகக் கட்டணம் அறவிடப்படுகின்றது. 2024 பெப்ரவரியில் மாணவருக்கான இக்கட்டணம் ஆண்டுக்கு 776 பவுணாக உயர்த்தப்பட்டது. இது காப்புறுதி அல்ல. அந்நாட்டின் அரச சுகாதார சேவையைப் பயன்படுத்துவதற்கான கட்டணமே. பயண இழப்புகளுக்கும் தாயகம் திரும்பும் செலவுக்கும் இதிலிருந்து ஒரு சதமும் கிடையாது. ஜப்பானில் மூன்று மாதங்களுக்கு மேல் தங்கும் மாணவர் தேசிய சுகாதாரக் காப்புறுதியில் சேர வேண்டும். அதன் பின்னரும் சிகிச்சைச் செலவில் பொதுவாக 30 வீதம் அவரையே சாரும்.

மிகுந்த அவதானம் தேவைப்படும் நாடு அமெரிக்காவாகும். பரிமாற்றத் திட்ட வீசாவில் செல்வோருக்கு, ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்குக் குறைந்தது 100,000 டொலர், மருத்துவ இடமாற்றத்துக்கு 50,000 டொலர், உடலைத் தாயகம் அனுப்ப 25,000 டொலர் என அரசு எல்லை வகுத்துள்ளது. ஆனால் பெரும்பாலான மாணவர்கள் பெறும் சாதாரண கல்வி வீசாவுக்கு அத்தகைய அரச நிபந்தனை இல்லை. அங்கு பல்கலைக்கழகத்தின் விதியே விதி. ஓரிரு நாள் வைத்தியசாலை வாசமே பல்லாயிரம் டொலர் கடனாகக்கூடிய நாட்டில், மலிவான பத்திரத்துடன் பிள்ளையை அனுப்புவது வயற்காணியை ஈடுவைத்துப் பெற்ற பணத்தை மழையில் வைப்பதற்கு ஒப்பாகும்.

போர், உள்நாட்டுக் கலவரம், கொள்ளைநோய் என்பவற்றைப் பல பத்திரங்கள் விதிவிலக்குகளாகக் குறிப்பிடுகின்றன. 2020ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி, சீனாவின் வூஹான் நகரில் சிக்கியிருந்த இலங்கை மாணவர்களும் குடும்பத்தினருமாக 33 பேர் விசேட விமானத்தில் அழைத்துவரப்பட்டுத் தியத்தலாவையில் தனிமைப்படுத்தப்பட்டனர். அவர்களை மீட்டது அரசு. இத்தகைய வேளைகளில் காப்புறுதிப் பத்திரத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது. சென்றடைந்தவுடன் எமது தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொள்வது அவசியமாகின்றது.

பேசத் தயங்கும் விடயமொன்றும் உண்டு. மரணம் நேர்ந்தால் உடலை ஊருக்குக் கொண்டுவரவே தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் விரும்புகின்றன. முஸ்லிம்களோ ஜனாஸாவைத் தாமதமின்றி அங்கேயே நல்லடக்கம் செய்வதை விரும்பலாம். உடலை அனுப்பும் செலவை மட்டும் ஏற்கும் பத்திரமும் உண்டு. அதற்குப் பதிலாக அவ்விடத்து அடக்கச் செலவை ஏற்கும் பத்திரமும் உண்டு. இதனை முன்கூட்டியே கேட்டறிவது அபசகுனமன்று, பொறுப்புணர்வாகும்.

வட்டியும் நிச்சயமின்மையும் கலந்த வணிகக் காப்புறுதி ஆகுமானதா என்ற கேள்வி முஸ்லிம் பெற்றோரிடம் எழுவது இயல்பே. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1985இல் வெளியிட்ட தீர்மானத்தில் வணிகக் காப்புறுதியை ஏற்காது, பரஸ்பர ஒத்துழைப்பு அடிப்படையிலான முறையை அதற்கு மாற்றாக முன்வைத்தது. அவ்வடிப்படையில் அமைந்த தகாபுல் முறை 1984இல் மலேசியாவில் சட்டமாகியது. இலங்கையிலும் அச்சேவை உண்டு. சேரும் நாடு ஏற்கும் தகாபுல் திட்டம் இருப்பின் அதனைத் தெரிவுசெய்யலாம். குறிப்பிட்டதொரு காப்புறுதியையே அந்நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்தும்போது, உலமாக்களிடம் விளக்கம் பெற்று முடிவெடுப்பதே முறையாகும்.

பத்திரத்தில் கையொப்பமிடுமுன் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெற வேண்டும். ஆகக்கூடிய தொகை எவ்வளவு? நோயாளி முதலில் தாமே செலுத்த வேண்டியது எவ்வளவு? ஏற்கெனவே உள்ள நோய்கள் அடங்குமா? வைத்தியசாலைக்கு நிறுவனம் நேரடியாகப் பணம் செலுத்துமா? எந்நாளில் தொடங்கி எந்நாளில் முடிவடையும்? ஆஸ்துமா, நீரிழிவு போன்றவற்றை விண்ணப்பத்தில் மறைப்பது கூடவே கூடாது. கட்டணத்தில் சிறிது மிச்சமாகலாம். நட்டஈட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்படுவதற்கும் அதுவே காரணமாகிவிடும்.

பாடசாலைகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் ஆலயங்களும் தேவாலயங்களும் உயர்கல்வி வழிகாட்டற் கருத்தரங்குகளை நடத்துகின்றன. அவற்றில் அரைமணி நேரம் இவ்விடயத்துக்கும் ஒதுக்கப்படுமாயின் பல குடும்பங்கள் கடனிலிருந்து காக்கப்படும். பட்டத்துடன் திரும்ப வேண்டும் என்றே பிள்ளைகளை வழியனுப்புகின்றோம். அவர்கள் நலத்துடன் திரும்புவதற்கான ஏற்பாட்டையும் புறப்படுமுன்னரே செய்துவைப்பது எமது கடமையாகும்.