ஓட்டுக்கூரையில் ஒரு புலிமுகம்

தெல்லிப்பழையில் வளவு துப்புரவாக்கும்போது ஓலைக் குவியலைப் புரட்டினால், சில வேளை கையகலச் சிலந்தி ஒன்று முன்னங்கால்களை உயர்த்திக்கொண்டு நிற்கும். "ஐயோ, புலிமுகச் சிலந்தி!" என்ற சத்தத்தோடு தும்புத்தடி வரும். அடி தவறினால் அது தடியிலேயே ஏறிக் கைக்கு வந்துவிடும். கடி வாங்க இதைவிட இலகுவான வழியில்லை.

அடையாளம்

பொயிசிலோதீரியா என்ற பேரினத்தைச் சேர்ந்த மரச்சிலந்தி இது. இலங்கையும் இந்தியாவுமே இதன் தாயகம். சாம்பல் படர்ந்த உடல், முதுகில் இலை போன்ற கோலம். பட்டையில் ஒட்டியிருந்தால் பட்டையாகவே தெரியும். சீறும்போதுதான் முன்னங்கால்களின் அடிப்பக்கத்து மஞ்சளும் கறுப்பும் பளிச்சிடும். உடல் தட்டையானதால் ஓட்டு இடுக்குக்குள்ளும் நுழையும். பகலில் பொந்தில் கிடந்து, இரவில் பூச்சி பிடிக்க இறங்கும்.

2009 இல் மாங்குளத்தில் ஊரவர் ஒருவர் கொண்டுவந்த செத்த ஆண் சிலந்தியே ஓர் ஆய்வுக்குத் தொடக்கமானது. கால் விரிப்பில் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் வரும் அந்தச் சிலந்தியை 2012 இல் ஆய்வாளர் ரணில் நாணயக்கார குழுவினர் இப்பேரினத்தின் புதிய இனமாக அறிவித்தார்கள். தங்களுக்குத் துணைநின்ற பொலிஸ் பரிசோதகரைக் கௌரவித்து அவர் பெயரையே அதற்கு இட்டார்கள். பொந்துள்ள முதுமரங்களைத் தேடும் இச்சிலந்திகள் மாங்குளம் வைத்தியசாலையின் பழைய மருத்துவர் விடுதியிலும் இருந்தன. மரம் போனால் கூரைதான் பொந்து. 1990 இல் போரால் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பின் பற்றை மண்டிய வளவுகளுக்குத் திரும்பிய வலிகாமம் வடக்கு மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடித்தால்

கடித்த இடம் வலித்து வீங்கும். பிறகு, சில வேளை பல மணி நேரம் கழித்து, தசைப்பிடிப்புத் தொடங்கலாம். சுவிற்சர்லாந்து மருத்துவர்கள் 2014 இல் தொகுத்த கடிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கடுமையான தசைப்பிடிப்பு இருந்தது. ஆகவே "வலி குறைந்துவிட்டது" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். மோதிரம், காப்பைக் கழற்றுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது வேண்டாம். விசகடி வைத்தியரில் நம்பிக்கை உள்ளவர்களும் முதலில் வைத்தியசாலைக்குப் போகட்டும். இதற்கென்று விசமுறி மருந்து இல்லை. வலியையும் பிடிப்பையும் மருந்தால் அடக்கி, மூச்சையும் நாடியையும் கவனிப்பதே சிகிச்சை. சிலந்தியைத் தள்ளிநின்று படம் எடுத்தால் மருத்துவருக்கு உதவும்.

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை உட்பட அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம், அது உங்கள் உரிமை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்சுக்கும் காசில்லை.

சட்டம்

இச்சிலந்தியை வெளிநாடுகளில் செல்லப்பிராணியாக விற்கிறார்கள். அந்த வியாபாரத்தைக் கட்டுப்படுத்த, 2019 இல் இப்பேரினம் முழுவதும் சைட்டீஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டது. முன்மொழிந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. "பிடித்துத் தந்தால் காசு" என்று யாராவது கேட்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அறிவியுங்கள். அனுமதிப்பத்திரமின்றி வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம்.

மரத்துக்கும் சட்டம் உண்டு. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைச் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. பிரதேச செயலகத்தில் விசாரித்த பிறகே கோடரியை எடுங்கள்.

வீட்டுக்குள் வந்தால்

விறகையும் ஓலையையும் சுவரோடு அடுக்காதீர்கள். சப்பாத்தை உதறிப் போடுங்கள். இரவில் வெளியே போகும்போது ரோச் லைட் வேண்டும். சிலந்தி தரையில் நின்றால் பிள்ளைகளை விலக்கி, கையுறை போட்டு, வாய் அகன்ற வாளியால் மூடுங்கள். கீழே மட்டையொன்றைச் செருகி, வளவின் கோடியில் நிற்கும் பொந்து மரத்தடியில் விட்டுவிடுங்கள். பொந்து இருக்கும்வரை அதற்கு உங்கள் கூரை தேவைப்படாது.