ரிப்போர்ட் எல்லாம் நார்மல். நெஞ்சு மட்டும் படபடக்கிறதே!

"பயப்பட ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்னால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? எனக்கும் வந்தது. பத்து நாள்தான் நிலைத்தது.

போன ஆடியில் நடுராத்திரி நெஞ்சுவலி என்று அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து, இதயத்தில் கோளாறு இல்லை, வயிற்று அமிலம் மேலே ஏறியதுதான் என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒருநாள் சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில், கொரட்டூர் தாண்டியதும் நெஞ்சு திடுதிடுவென்று அடித்துக்கொண்டது. மூச்சு முட்டியது, விரல்நுனியெல்லாம் மரத்துப்போயிற்று. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். வில்லிவாக்கத்தில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன். பூக்கார அம்மா தண்ணீர் கொடுத்தாள். கால்மணியில் எல்லாம் அடங்கிவிட்டது!

அதற்கப்புறம் ரயில் என்றாலே வயிற்றைக் கலக்கும். ராத்திரியில் நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரர் வாங்கிவந்த பி.பி. மெஷினில் நாளைக்குப் பத்துத் தடவை பார்ப்பேன். மாமியார், காத்து கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போனார். "வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தால் இப்படித்தான்" என்றாள் நாத்தனார். ஐந்து பேருக்குப் பொங்கித் துவைக்கிற வீட்டில் வேலையில்லாத நேரம் எது என்று அவளே சொன்னால் தேவலை!

எங்கள் குடும்ப டாக்டர்தான் 'பேனிக் அட்டாக்' என்று பெயர் சொன்னார். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பரிசோதித்துவிட்டு, மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னார். "கீழ்ப்பாக்கத்துக்கா?" என்று வீடே அதிர்ந்தது. நம் ஊரில் அந்தப் பெயரே கேலிப்பேச்சாகிவிட்டது, என்ன செய்ய! 1794-ல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையை, இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் சாரதா மேனன் தலைமையேற்று நடத்தியிருக்கிறார். ஒரு பெண் கட்டிக்காத்த இடத்துக்குப் போக நமக்கென்ன வெட்கம்?

டாக்டரம்மா விளக்கியது இதுதான். ஆபத்து என்று மூளை நினைத்தால் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றுகிறது, கை மரத்துப்போகிறது. அதைப் பார்த்து இன்னும் பயம்! பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய், தானே இறங்கிவிடும். 1871-லேயே டா கோஸ்டா என்ற அமெரிக்க டாக்டர், போரில் இருந்த சிப்பாய்களுக்கு இதயக்கோளாறு தெரியாமலே இப்படிப் படபடப்பு வருவதை எழுதியிருக்கிறாராம். துப்பாக்கி பிடித்தவர்களுக்கே வந்திருக்கிறது, நாம் எம்மாத்திரம்!

நாடியை எண்ண எண்ண பயம் வளரும் என்றார். பி.பி. மெஷின் பரண் ஏறியது. படபடப்பு வந்தால் எழுந்து ஓடாமல், மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக விட வேண்டும். முதல் வாரம் பட்டரவாக்கம் வரை ஒரே ஒரு ஸ்டேஷன். அடுத்த வாரம் கொரட்டூர். அது வந்தபோதும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். மாத்திரையும் உண்டு. பலன் தெரியச் சில வாரமாகும், நாமாக நிறுத்தக்கூடாது. காபியைக் குறைத்ததுதான் மகா கஷ்டம். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று ஓயாமல் சொல்வதை விட்டுவிட்டு, சும்மா பக்கத்தில் உட்காரும்படி வீட்டுக்காரரிடமும் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு எல்லா நெஞ்சுவலியையும் பயம் என்று தள்ளிவிடாதீர்கள், சகோதரிகளே. புதிதாக வலி வந்து நெஞ்சை அழுத்தினாலோ, கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, வியர்த்து மயக்கம் வந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை, பி.பி. உள்ளவர்கள் தாமதிக்கவே கூடாது. பெண்களுக்கு வலியே பெரிதாக இல்லாமல், மூச்சுத்திணறலும் குமட்டலுமாகவும் மாரடைப்பு வரலாம்.

மனக்கலக்கத்துக்கு 'டெலி மானஸ்' என்ற அரசு தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரில் ஆரம்பமானது. எண் 14416; கட்டணமில்லை, இருபத்து நாலு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். எங்கள் வீட்டு அலமாரிக் கதவில் 108-க்குக் கீழே அதையும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.