ஸ்லைடரைத் தொட்டா ரயில் ஏன் தெறிச்சு ஓடுது? ரியாக்ட்டுக்குள்ள கேன்வாஸ் அனிமேஷன்

ஆவடி லோக்கல்ல போய் வர்றவங்களுக்கு இந்த வரிசை மனப்பாடம்: வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி. இந்த 7 ஸ்டேஷனையும் ஒரு கோட்டுல வச்சு, அதுமேல ஒரு ரயில் ஓடுற வெப் பேஜை ரியாக்ட்ல செய்யணும்னு வச்சுக்கோங்க. கூடவே வேகத்தை மாத்த ஒரு ஸ்லைடர்.

சின்ன வேலைதான். ஆனா முதல் தடவை செய்றப்ப பலரும் ஒரே இடத்துல மாட்டிக்கிறோம். ஸ்லைடரை ஒவ்வொரு தடவை நகர்த்தும்போதும் ரயிலோட வேகம் ஏறிக்கிட்டே போகும். குறைக்கிற பக்கம் தள்ளினாலும் ஏறும்!

காரணம் இதுதான். ரியாக்ட்கிட்ட "திரை இப்படி இருக்கணும்"னு சொன்னா போதும், எதை மாத்தணும்னு அதுவே பார்த்துக்கும். கேன்வாஸ் அப்படி இல்லை, அது ஒரு கரும்பலகை. வரைஞ்ச பிறகு அதுக்கு ரயிலும் தெரியாது, ஸ்டேஷனும் தெரியாது, வெறும் பிக்ஸல்தான். ரயில் நகரணும்னா அழிச்சுட்டு நாமதான் திரும்ப வரையணும். கேன்வாஸ் 2004-ல் ஆப்பிள் கொண்டுவந்தது. ரியாக்ட் வெளியானது 2013-ல். ஒன்னை மனசுல வச்சு இன்னொன்னைச் செய்யலை. அதனால யாருக்கு என்ன வேலைன்னு நாமதான் பிரிச்சுக் கொடுக்கணும்.

கேன்வாஸைத் திரையில வைக்கிறதும் எடுக்கிறதும் ரியாக்ட்டோட வேலை. நடுவுல ஒவ்வொரு ஃப்ரேமையும் வரையறது நம்ம வேலை. யூஸ்ரெஃப் வச்சு கேன்வாஸைப் பிடிங்க. யூஸ்எஃபெக்ட்டுக்குள்ள ரெக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம் லூப்பை ஆரம்பிங்க. ரயில் இருக்கிற இடத்தை ஸ்டேட்ல வைக்காதீங்க, ரெஃப்ல வைங்க. ஸ்டேட்ல வச்சா நொடிக்கு 60 தடவை காம்பொனென்ட் மறுபடி ரெண்டர் ஆகும். ஒரு ஃப்ரேமுக்கு நம்ம கையில இருக்கிறதே 16.7 மில்லிசெகண்ட்தான். "அடுத்த ஸ்டேஷன்: அம்பத்தூர்"னு காட்டுற வரி மட்டும் ஸ்டேட்ல இருக்கட்டும். அது மாறுறதை விரல் விட்டு எண்ணிடலாம்.

இப்போ அந்த வேகப் பிரச்சனை. ஸ்லைடர் மாறினா எஃபெக்ட் மறுபடி ஓடும், புது லூப் ஒன்னு ஆரம்பிக்கும். பழைய லூப்பை யாரும் நிறுத்தலை. அது பழைய வேகத்தோட ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டும் சேர்ந்து ஒரே ரயிலைத் தள்ளுது. எஃபெக்ட்டோட ரிட்டர்ன்ல கேன்சல்அனிமேஷன்ஃப்ரேம் போடுங்க, தீர்ந்துடும். ஒன்னு கவனிங்க: ஒவ்வொரு ஃப்ரேமும் புது ஐடி தரும். கடைசியா வந்த ஐடியைத்தான் கேன்சல் பண்ணணும். முதல் ஐடியை மட்டும் வச்சிருந்தா எதுவும் நிக்காது.

பேஜ் திறந்த உடனே ரயில் ரெண்டு மடங்கு வேகத்துல ஓடுதா? ரியாக்ட் 18-லிருந்து, டெவலப்மென்ட்ல ஸ்ட்ரிக்ட் மோட் எஃபெக்ட்டை ஒரு தடவை ஓட்டி, கிளீனப் பண்ணி, மறுபடி ஓட்டிப் பார்க்கும். அதை எடுத்துட்டா சரியாகிற மாதிரி தெரியும். எடுக்காதீங்க. உங்க கிளீனப் சரியில்லைன்னு அது முன்கூட்டியே காட்டிக் கொடுக்குது.

அடுத்தது நேரம். ஃப்ரேமுக்கு 2 பிக்ஸல்னு நகர்த்தினா, 120 ஹெர்ட்ஸ் போன்ல ரயில் ரெண்டு மடங்கு வேகமா போகும். போன ஃப்ரேமுக்கும் இதுக்கும் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பார்த்து அதால பெருக்குங்க. டேப் மாத்தினா லூப் நின்னுடும். திரும்பி வரும்போது அந்த இடைவெளி பெருசா இருக்கும், ரயில் ஒரே தாவுல ஆவடியைத் தாண்டிடும். 50 மில்லிசெகண்டுக்கு மேல போனா 50-னே எடுத்துக்கோங்க.

போன்ல கோடு மங்கலா தெரிஞ்சா, கேன்வாஸோட அகலம் உயரத்தை டிவைஸ்பிக்ஸல்ரேஷியோவால பெருக்கி, கான்டெக்ஸ்ட்டையும் அதே அளவு ஸ்கேல் பண்ணுங்க. சிஎஸ்எஸ் அளவு பழையபடியே இருக்கட்டும்.

நிறுத்தாத லூப் எப்பவும் கண்ணுக்குத் தெரியாது. வேற பேஜுக்குப் போன பிறகும் பின்னாடி ஓடிக்கிட்டிருக்கும். நம்ம லேப்டாப்ல ஃபேன் சத்தம்தான் வரும். கம்மி விலை போன் வச்சிருக்கிற ஜூனியருக்கு சார்ஜ் இறங்கும், போன் சுடும்.

அதனால சப்மிட் பண்றதுக்கு முன்னாடி மூணு விஷயம் செஞ்சு பாருங்க. ஸ்லைடரை 10 தடவை இழுங்க. வேற பேஜுக்குப் போய்த் திரும்புங்க. டேப்பை மாத்தி ஒரு நிமிஷம் கழிச்சு வாங்க. மூணுலயும் ரயில் ஒழுங்கா ஓடினா, தைரியமா டெமோ காட்டலாம்.