பிழாவும் பிளாவும்

சங்க நூல்களைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர்க்கு ஓர் இடர் உண்டு. நூலிலே வரும் பொருள்களுட் பலவற்றை அவர் தம் கண்ணாற் கண்டதில்லை. உரையாசிரியரின் கண்ணாற் கண்டதே மிகுதி. யானும் அத்தகையோருள் ஒருவன். போர்த்துக்கேயர் களனியாற்றின் பெருந்துறையைக் குறித்து வழங்கிய பெயரை இன்றுந் தாங்கி நிற்கும் கிராண்ட்பாசிலே, பார ஊர்திகளின் இரைச்சலுக்கு நடுவே, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகப் பத்துப்பாட்டைப் பாடஞ் சொல்லி வருகிறேன். சன்னலுக்கு வெளியே ஒரு பனைதானும் இல்லை. ஆயினும், கரும்பலகையிலே எத்தனையோ பனைகளை வரைந்திருக்கிறேன்!

பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளாலாய பாட்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையுற்ற மற்றொரு பாணனுக்குக் காஞ்சிக்குச் செல்லும் வழியைக் கூறுகிறான். எயினர், ஆயர், உழவர், வலைஞர் என்று ஒவ்வொரு குடியினரும் வந்த விருந்தினர்க்கு யாது தருவர் என்பதை அவன் கூறக் கேட்கும்போது நமக்கே பசி எடுக்கும். வலைஞர் குடியிருப்பைச் சொல்லுமிடத்தே, வீட்டிலே கள் ஆக்கும் முறை ஒன்று வருகிறது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி அடுவர். அதனை வாயகன்ற பிழாவிலே இட்டு ஆற்றுவர். பின்னர் நெல்முளையை இடித்துச் செய்த அடையை அதனோடு கலப்பர். இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயையுடைய சாடியில் வைத்து விளைவிப்பர். விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு விருந்தினர்க்கு அளிப்பர். பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடைய இச்செய்தி இன்றைக்கும் ஒருவர் பார்த்துச் செய்யத்தக்க அளவுக்குத் தெளிவாக இருக்கிறது.

இப்பகுதியை யான் சொற்பொருள் கூறிக் கடந்து செல்வதே வழக்கம். 'பிழா என்பது ஒருவகைத் தட்டு; அடை என்பது முளைநெல்லின் மா' என்று சொல்லி, மாணவர் குறித்துக் கொண்டவுடன் அடுத்த அடிக்குப் போய்விடுவேன். கள்ளைப் பற்றி நிறுத்திப் பேசுவது ஆசிரியர்க்கு அழகன்று என்பது என் எண்ணம்.

ஆனால் 1996ஆம் ஆண்டில், ஆசிரியத் தொழிலுக்குப் புதிதாக வந்த இளமைச் செருக்கில், நிறுத்திப் பேசினேன். அன்று திருக்குறளிற் கள்ளுண்ணாமை அதிகாரம். "கள்ளை உண்பவன் மட்டுமல்லன், அதை இறக்குபவனும் இழிந்தவனே" என்று வள்ளுவர் சொன்னதுபோல உரத்துச் சொன்னேன். வகுப்பிலே வடமராட்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டிலே தங்கிப் படித்த சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் தலை கவிழ்ந்தது. அவன் தந்தையார் சீவல் தொழிலாளர் என்பதைச் சில திங்கள் கழித்தே அறிந்தேன். அறிந்த பின்னும் ஒன்றுஞ் சொன்னேனல்லேன். ஆசிரியன் மாணவனிடத்துப் பிழை ஒப்புவது வழக்கமன்று என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அம்மாணவர் இன்று தம் ஊரிலேயே இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியர். சென்ற ஆண்டு கொழும்புக்கு ஓர் அலுவலாக வந்தவர் என்னைத் தேடி வந்தார்.

"ஐயா, மீனவர் வீட்டிலே கள் வடிக்கிறதைப் படிப்பிச்சியள், நினைவிருக்கோ? சித்திரை விடுமுறைக்கு எங்கட ஊருக்கு வாங்கோ. அப்பா இன்னும் ஏழு பனை சீவுறார்" என்றார்.

மறுத்தற்கு என்னிடம் காரணம் எதுவும் இருக்கவில்லை. வெட்கம் மட்டுமே இருந்தது. அதனை வெளியே சொல்ல இயலுமா? வருவதாக ஒப்புக்கொண்டேன்.

வல்லைவெளியைக் கடந்து

யாழ்தேவி 1956ஆம் ஆண்டு தொடங்கிய வண்டி. 1990இல் நின்றுபோய், 2014இல் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. கோட்டை நிலையத்திலே விடியற்காலை ஏறியவன் பிற்பகலில் யாழ்ப்பாணத்து வெயிலிலே இறங்கினேன். அங்கிருந்து பருத்தித்துறை வீதி வழியே கோப்பாய், நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால் ஆகிய ஊர்களைத் தாண்டிச் சென்றோம். செம்மண் தோட்டங்களும் வாழையும் புகையிலையும் முடிந்த இடத்திலே வல்லைவெளி விரிந்தது. இருமருங்கும் கடனீர், இடையிடையே உப்புப் பூத்த தரை, எதிரே அடிவானத்திற் பனைநிரை. காற்றுக்குத் தடையென்று அங்கே ஒன்றுமில்லை. அப்பாலே நீர் தொண்டைமானாற்றின் வழியே கடலுக்குச் செல்கிறது. உப்புக் கொண்டு செல்லக் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த கால் அது என்பது செவிவழிச் செய்தி. அவன் கலிங்கத்துப்பரணியின் தலைவனாகிய குலோத்துங்கனின் படைத்தலைவன். பெரும்பாணாற்றுப்படையின் தொண்டைமானுக்கு மிகப் பிற்பட்டவன். ஆயினும், பாணனைப் போல நானும் ஒரு தொண்டைமான் பெயரை நோக்கியே நடக்கிறேன் என்று எண்ணியபோது சிரிப்பு வந்தது.

பனையின் கீழ்

மறுநாள் விடியுமுன் பனங்காணிக்குச் சென்றோம். மாணவரின் தந்தையார் எழுபதை எட்டியவர். மெலிந்த உடல், அகன்ற மார்பு. மார்பிலும் கணுக்கால்களின் உட்புறத்திலும் பனையின் கருக்கு எழுதிய வடுக்கள். கால்களிலே தளைநாரை மாட்டினார். இடுப்பிலே கத்திக்கூட்டையும் முட்டியையுங் கட்டினார். மரத்தை ஒருமுறை தொட்டு வணங்கினார். பிறகு ஏறத் தொடங்கினார். நான் கீழே நின்று எண்ணினேன்: இருபது தாவலுக்குப் பின் என் எண்ணிக்கை தவறிப்போயிற்று. வட்டின்மேல் அவர் அமர்ந்தபோது கதிரவன் அவர் முதுகிலே விழுந்தது. எங்கள் தலைமேல் இன்னும் இருள் இருந்தது.

பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் காலையும் மாலையும் மெல்லிதாகச் சீவவேண்டும். சீவல் தடித்தாற் பாளை விரைவில் முடிந்துவிடும். ஒருநாள் தவறினால் வாய் அடைத்துக்கொள்ளும். கத்தியின் கூர்மையிலும் கையின் அளவிலுமே தொழில் இருக்கிறது. ஆசிரியத் தொழிலுக்கு விடுமுறை உண்டு. பாளைக்கு விடுமுறை இல்லை.

மாணவர் தம் துறைக்கேற்ப விளக்கினார். தானியத்திலே இருப்பது மாப்பொருள். அது நேரே மதுவாகாது. முதலில் வெல்லமாக மாறவேண்டும். அம்மாற்றத்தைச் செய்யும் நொதியம் முளைக்கும் விதையிலே பிறக்கிறது. ஐரோப்பியர் பியர் வடிப்பதற்கு வாற்கோதுமையை முளைக்கவிட்டு உலர்த்துவதும் இதன்பொருட்டே. பின்னர் மதுவம் என்னும் நுண்ணுயிர் வெல்லத்தை மதுசாரமாக்குகிறது. இந்நுண்ணுயிரின் செயலை ஆராய்ந்த பாஸ்டர் 1876இல் பியரைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். "உங்கட பாட்டில வாற முளைநெல் அடையும் இதே வேலையைத்தான் செய்யுது ஐயா" என்றார் மாணவர்.

முப்பது ஆண்டு 'முளைநெல்லின் மா' என்று சொல்லிக் கடந்த எனக்கு, அச்சொல்லின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. உருத்திரங்கண்ணனார் காரணத்தை அறிந்திருக்கமாட்டார். காரியத்தைப் பிழையின்றிக் கண்டிருக்கிறார். ஒரு படிதானும் முன்பின்னாக மாறவில்லை.

பனைக்கோ இத்தொல்லை இல்லை. அதன் சாற்றிலே வெல்லம் ஆயத்தமாக இருக்கிறது; மதுவம் காற்றிலிருந்தும் முட்டியிலிருந்தும் தானே வந்து சேர்கிறது. முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டுக் கருப்பநீர் கிடைக்கும். அதனைக் காய்ச்சினாற் பனங்கட்டி. தடவாது விட்டாற் கள். ஒரே பாளை, ஒரே கத்தி. இடையிலே நிற்பது ஒரு விரற் சுண்ணாம்பு!

ஓலைக் கலத்தில் விருந்து

வெயில் ஏறியபோது கொட்டிலிலே உணவு வந்தது. ஒடியற் கூழ்! ஒடியல் மாவிலே நண்டும் இறாலும் மீனும், பயற்றங்காயும் மரவள்ளிக்கிழங்கும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும், செத்தல் மிளகாயும் பழப்புளியும் கூடிக் கொதித்த மணம் எங்கும் நிறைந்தது. பக்கத்திலே தணலிற் சுட்ட மீன். பாட்டிலே வலைஞர் அளித்த அதே துணைக்கறி! வீட்டார் பனையோலையை மடித்துக் கட்டிய கலங்களை எங்கள் கையிலே தந்தனர். அதற்கு அவர்கள் வழங்கும் பெயர் 'பிளா'.

அச்சொல் என் செவியில் விழுந்தபோது கை நின்றுவிட்டது. பாட்டிலே களியை ஆற்றும் கலம் பிழா. இங்கே கள்ளையும் கூழையும் ஏந்தும் கலம் பிளா. அளவு வேறு, வடிவு வேறு; ஆயினும் கள்ளின் பக்கத்திலேயே இச்சொல் இத்தனை நூற்றாண்டு நடந்து வந்திருக்கிறது என்றே நான் கொள்கிறேன். அதனைக் காத்து வந்தோர் யார்? பண்டிதர் அல்லர். ஏட்டிலே நாங்கள் பொருள் தேடிய காலத்திலெல்லாம் இவர்கள் அதனைக் கையிலே ஏந்திக் கொண்டிருந்தார்கள்.

பெல்ஜிய நாட்டின் தென்பகுதிப் பண்ணைகளிலே, கோடைகாலத்து வயலாட்களின் தாகந் தீர்க்கக் குளிர்காலத்திலே பியர் வடித்து வைக்கும் வழக்கம் முன்பு இருந்தது. இன்று அத்தகைய பண்ணைகளைத் தேடி மக்கள் பயணஞ் செல்கின்றனர். பியரை அருந்தி, பாற்கட்டியை உண்டு, வயல்வெளியைக் கண்டு மகிழ்கின்றனர். பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ மானிட மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. வடிப்பவர் அங்கே கலைஞர் எனப் போற்றப்படுகிறார்.

நம்மிடையே நடந்தது யாது? கள்ளை விரும்பிய ஊர், கள் தந்தவரைத் தீண்ட மறுத்தது. கோயில் வாயிலும் தேநீர்க் கடையும் அவருக்கு அடைக்கப்பட்டன. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்குப் போராட வேண்டியிருந்தது. தொழிலாளருக்கெனக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்ததும், 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்ததும் ஓரளவு ஆறுதல். அதன்பின் போர் வந்தது. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் எண்ணின்றித் தறிக்கப்பட்டன. எஞ்சிய மரங்களில் ஏறுதற்கு இப்போது ஆட்கள் அருகிவிட்டனர். மக்கள் படித்து வேறு தொழிலுக்குச் செல்கின்றனர். செல்லட்டும், அது நன்றே. பட்ட இழிவை மறந்து மரத்தில் ஏறுங்கள் என்று அவர்களிடம் கேட்கும் உரிமை நமக்கு ஏது?

ஒரு பழைய கடன்

கூழ் முடிந்தபின் என் வாயிலிருந்து அப்பேச்சு தானே வந்தது. 1996இல் வகுப்பிலே நான் சொன்னதைத் தந்தையார் கேட்கவே மகனிடம் கூறி, "அது பிழை, பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்றேன்.

மாணவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு ஞாபகம் இருக்கு ஐயா. அண்டைக்கு இரவே அந்தப் பத்துக் குறளையும் பாடமாக்கினனான். ஒண்டிலயும் எங்கட அப்பா இல்லை" என்றார்.

உண்மை. உண்பவன் ஒளியிழப்பதையும், நாணம் அவனை விட்டு நீங்குவதையும், அவன் பெற்ற தாயே முகஞ்சுளிப்பதையும் அப்பத்துக் குறளும் கூறுகின்றன. இறக்குபவனைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. அந்தச் சொல் வள்ளுவருடையதன்று, என்னுடையது. சிறுவன் ஓர் இரவிலே கண்டதை ஆசிரியன் முப்பது ஆண்டாகக் காணவில்லை.

முதியவர் பிளாவைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "மரத்தில ஏறுறவன் கீழ நிக்கிறவை சொல்லுறதைக் கேட்டால் கால் வழுக்கும், வாத்தியார். அதை விடுங்கோ. உங்களுக்கு என்ன வாக்கட்டும்? கள்ளோ, கருப்பநீரோ?"

மன்னித்தேன் என்றும் அவர் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அதுவே தகும்.

நான் கள் உண்பதில்லை. வள்ளுவர் கூறிய அறத்தில் எனக்கு மாறுபாடும் இல்லை. குடியாற் சிதைந்த இல்லங்களைக் கொட்டாஞ்சேனையிலும் கண்டிருக்கிறேன், வடமராட்சியிலும் கேட்டேன். ஆகவே கருப்பநீரே கேட்டேன். மாங்காய்த் துண்டுகள் இட்டு, பிளா நிறைய வார்த்தார். இரு கைகளாலும் ஏந்திக் குடித்தேன். ஓலையின் பச்சை மணமும், சுண்ணாம்பின் சிறு கார்ப்பும், பனையின் இனிமையும் ஒன்றாயிருந்தன.

புறப்படும்போது அந்தப் பிளாவைக் கேட்டு வாங்கி வந்தேன். கிராண்ட்பாசிலே என் வகுப்பறை மேசையில் அஃது இப்போது உலர்ந்து மஞ்சள் நிறமாகிவிட்டது. அடுத்த தவணையிற் பெரும்பாணாற்றுப்படை தொடங்கும்போது, வலைஞர் குடியிருப்புக்கு வந்தவுடன் நிறுத்துவேன். சொற்பொருள் எழுதுமுன் பிளாவை மாணவர் கையிற் கொடுப்பேன். அதனைக் கட்டியவரைப் பற்றிச் சொல்லுவேன். அதன்பின் அடுத்த அடிக்குப் போகலாம்.