கேஸ் ஷீட்டில் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர்

2010 ஆகஸ்டில் டெப்யூ நிறுவனம் தன் ஏ.எஸ்.ஆர். செயற்கை இடுப்பு மூட்டுகளை உலகெங்கும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டு அது. தேயத் தேய, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. பலருக்கு மறுபடியும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. இந்தியாவில் இந்த மூட்டு பொருத்தப்பட்ட அறுவை சிகிச்சைகள் சுமார் 4,700. மத்திய சுகாதார அமைச்சகத்தின் நிபுணர் குழு 2018இல் அறிக்கை தந்தபோதும், 3,600க்கு மேற்பட்டவர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆபத்து தெரிந்துவிட்டது, யாருடைய உடம்பில் அது இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

மூட்டு மட்டுமல்ல, பல் க்ளினிக்கில் பொருத்தும் இம்ப்ளான்ட், தோல் க்ளினிக்கில் போடும் ஃபில்லர், குழந்தைக்குப் போடும் தடுப்பூசி எல்லாவற்றுக்கும் இதே கதி நேரலாம். 'ஊசி போடப்பட்டது' என்று எழுதினால் போதாது. மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதி தேதி, அளவு, உடலில் எந்த இடம், போட்டவர் யார் என்பதெல்லாம் நோயாளியின் பெயரோடு சேர்ந்து இருக்க வேண்டும்.

இவற்றில் அதிகம் விடுபடுவதும், ஆபத்து வேளையில் முதலில் தேடப்படுவதும் பேட்ச் எண் என்றே நினைக்கிறேன். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் தரமற்ற மருந்துகளின் பட்டியல் பேட்ச் எண்ணோடுதான் வருகிறது. அந்த எண் கேஸ் ஷீட்டில் இல்லாத க்ளினிக், அந்த மருந்து போட்டுக்கொண்ட அத்தனை பேரையும் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரையும் கூப்பிடாமல் இருந்துவிட வேண்டும்.

அளவிலும் கவனம் தேவை. முகச் சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸின் ஒரு யூனிட்டும் டிஸ்போர்ட்டின் ஒரு யூனிட்டும் சமமல்ல. பிராண்டை எழுதாமல் '20 யூனிட்' என்று மட்டும் குறித்துவைத்தால், அடுத்த முறை பார்க்கும் மருத்துவருக்கு அது உதவாது.

இதற்கு வழி கையிலேயே இருக்கிறது. இம்ப்ளான்ட் பெட்டிகளில் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் பல இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டுக்கு, ஒன்று பதிவேட்டுக்கு, ஒன்று நோயாளிக்கு. சிகிச்சை நடக்கும்போதே ஒட்டிவிட வேண்டும். சாயங்காலம் நினைவிலிருந்து எழுதலாம் என்று விட்டால் பெட்டி குப்பைக்குப் போயிருக்கும். பல டோஸ் உள்ள மருந்துக் குப்பியில் திறந்த தேதியையும் நேரத்தையும் உடனே எழுத வேண்டும். கரைத்த பிசிஜி தடுப்பூசியைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். நேரம் எழுதாத குப்பியை வைத்துக்கொண்டு நர்ஸ் என்ன முடிவெடுப்பார்?

க்ளினிக் மூடப்படலாம், மருத்துவர் ஊர் மாறலாம். ஆகவே உங்களுக்குரிய ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் பெட்டியின் லேபிளை மொபைலில் படம் எடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரியோடு வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும்.