ராணி காலடியில் ஒரு முயல்!

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி-விற்பனை. ஊறுகாய்க் கடைக்கும் நைட்டிக் கடைக்கும் நடுவே, ஊதா கலரில் மேஜை விரிப்பு போட்டு ஒரு அம்மணி உட்கார்ந்திருந்தார். ‘டாரட் சீட்டு பார்க்கப்படும். ஒரு கேள்விக்கு ரூ.300.’

“எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது” என்றேன்.

“உங்களை யாருங்க நம்பச் சொன்னா? பர்ஸை மட்டும் எடுங்க” என்றாள் மனைவி.

அவள் கேள்வி, தையல் கிளாஸ் ஆரம்பிக்கலாமா, வேண்டாமா? சீட்டைக் கலைத்து ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். வந்தது காசு ராணி. தோட்டத்தில் சிம்மாசனம், தலைக்கு மேல் ரோஜாக் கொடி, மடியில் சாப்பாட்டுத் தட்டு சைஸில் ஒரு நாணயம். அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் ராணி.

“கீழே மூலையிலே பாருங்க... முயல்! முயல்னா பெருக்கம். ஒண்ணு பத்தாகும். தைரியமா ஆரம்பிங்க.”

மனைவி முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு! “இது என்னங்க, வளைஞ்சு வளைஞ்சு?” என்று படத்தின் அடியில் இருந்த ஒரு சின்னக் கிறுக்கலைக் காட்டினாள். “அதுவா... பாம்பு. குண்டலினி சக்தி” என்றார் அம்மணி, கண்ணை மூடிக்கொண்டு.

எனக்கு அந்த முயல்தான் இடித்தது. பி.காம். படித்தவன் இல்லையா... வவுச்சர் இல்லாமல் எந்த என்ட்ரியையும் மனசு ஏற்காது. இந்த முயலை இங்கே கொண்டுவந்து விட்டது யார்? வீட்டுக்கு வந்ததும் கணக்கைத் தோண்ட ஆரம்பித்தேன்.

டாரட் கட்டில் மொத்தம் 78 சீட்டு. அதில் 16 தர்பார் சீட்டுகள். நம்ம கட்டில் ராஜா, ராணி, ஜாக்கி என்று மூன்று பேர். அங்கே அரண்மனைப் பையன், குதிரை வீரன், ராணி, ராஜா என்று நாலு பேர். கிளாவர், ஆர்ட்டீன், டைமன், இஸ்பேட் இருக்கிற இடத்தில் கோல், கோப்பை, காசு, வாள். ‘ஸ்பாதே’ என்றால் இத்தாலிய மொழியில் வாள்கள். அதுதான் இங்கிலீஷ் வழியாக நம்ம திண்ணைக்கு வந்து ‘இஸ்பேட்’ ஆகிவிட்டது!

இந்தச் சீட்டு பிறந்தது 15-ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில். அப்போது அது வெறும் விளையாட்டு. ஜோசியம் ஒட்டிக்கொண்டது 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரான்ஸில்தான். இன்று எல்லாரும் மேஜையில் விரிக்கிற படங்கள் அதைவிடவும் புதுசு. 1909-ல் லண்டனில் வெளியானவை. போட்டது ரைடர் என்ற பதிப்பகம். திட்டம் தீட்டியவர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட். வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற 31 வயதுப் பெண்.

வவுச்சர் தேடி வெய்ட்டின் புத்தகத்துக்குப் போனேன். 1911-ல் படங்களோடு வந்த விளக்க நூல். கோப்பைப் பையனின் கோப்பைக்குள்ளிருந்து ஒரு மீன் தலையை நீட்டி அவனையே பார்க்கிறதே, அதைச் சொல்கிறார். கோப்பை ராஜாவின் சிம்மாசனம் நடுக்கடலில் இருப்பதையும், ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் டால்ஃபின் என்பதையும் சொல்கிறார்.

முயல்? மூச்! கோல் ராணியின் காலடியில் நம்மையே முறைத்துக்கொண்டு ஒரு கறுப்புப் பூனை உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. கட்டில் இருக்கிற மற்ற கோப்பைகள் எல்லாம் திறந்திருக்க, கோப்பை ராணி கையில் இருப்பதற்கு மட்டும் மூடி. மனசில் இருப்பதை வெளியே காட்டாதவள் என்று இன்றைக்கு அதற்குப் பத்துப் பக்கம் விளக்கம் எழுதுகிறார்கள். வெய்ட் அந்த மூடியைக் கண்டுகொள்ளவே இல்லை.

பெரிய சீட்டுகள் 22-க்கு வெய்ட் விவரமாக யோசனை சொல்லியிருப்பார், மற்ற 56-ஐப் பெரும்பாலும் அந்தப் பெண் கையிலேயே விட்டிருப்பார் என்பது விஷயம் தெரிந்தவர்களின் கணிப்பு. படங்களைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஏனென்றால் பமேலா நாடகக்காரி. எலன் டெர்ரி, ஹென்றி இர்விங் போன்ற ஜாம்பவான்களின் லைசியம் நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியவர். திரை தூக்கியதும், வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, ஆள் யார் என்று உடுப்பிலும் கையில் இருக்கிற சாமானிலும் தெரிந்துவிட வேண்டும். அந்த வித்தைதான் இந்தப் பதினாறு சீட்டிலும்.

நாலு குதிரை வீரர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், குதிரையைப் பாருங்கள். வாள் வீரனுடையது நாலுகால் பாய்ச்சல். கோல் வீரனுடையது முன்னங்காலைத் தூக்கி எகிறுகிறது. கோப்பை வீரனுடையது மாப்பிள்ளை அழைப்புக் குதிரை மாதிரி அன்னநடை. காசு வீரனின் குதிரை? கறுப்பாக, கனமாக, அப்படியே நிற்கிறது! நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறான் மனுஷன். (“இது நீங்கதான்” என்று உடனே தீர்ப்பு வந்தது. நான் அப்பீல் செய்யவில்லை.)

காசு ராஜாவோ உடம்பு முழுக்கத் திராட்சைக் கொத்து போட்ட அங்கி, சிம்மாசனத்தில் காளைத் தலைகள் என்று ஜமீன்தார் தோரணையில் சாய்ந்திருக்கிறார். அங்கிக்குக் கீழே மட்டும் இரும்புக் கவசம் போட்ட ஒரு கால் எட்டிப் பார்க்கிறது. பட்டு வேட்டிக்கு அடியில் போலீஸ் பூட்ஸ் தெரிகிற மாதிரி! சண்டை போட்டுச் சேர்த்த சொத்து என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார் பமேலா.

கோல் ராஜா உடுப்பில் பல்லி போல ஒன்று ஊர்கிறது. பல்லி சாஸ்திரம் பார்க்க ஓடாதீர்கள், அது சாலமாண்டர். நெருப்பிலேயே வாழும் என்று ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நம்பினார்கள். கோல் என்றால் நெருப்பு என்பது வெய்ட், பமேலா இருவரும் சேர்ந்திருந்த ரகசிய சங்கத்தின் கணக்கு. கோப்பை தண்ணீர், வாள் காற்று, காசு மண். வாள் ராணியின் கிரீடத்தில் பட்டாம்பூச்சிகள் இருப்பதும் காற்றுக் கணக்கில்தான் வரவு.

அதற்காக எல்லாவற்றுக்கும் அர்த்தம் தேடினால் அசடு வழிய வேண்டியதுதான். வீட்டில் இருக்கிற சீட்டுக்கட்டில் ஆர்ட்டீன் ராஜாவை எடுத்துப் பாருங்கள். வாளைத் தன் தலையிலேயே செருகிக்கொள்கிறார். காதல் தோல்வியா? இல்லை. பழைய சீட்டுகளில் அவர் கையில் இருந்தது கோடரி. ஒருவனைப் பார்த்து இன்னொருவன் அச்சுக்கட்டை வெட்டி வெட்டி, கோடரியின் தலை காணாமல் போய்விட்டது. பாவம், காப்பி அடித்தவன் பண்ணின தப்பு!

டாரட்டிலும் இந்த ஆபத்து உண்டு. பமேலா கையால் வரைந்த மூலப் படங்கள் இன்று கிடைக்கவில்லை. நம்மிடம் இருப்பவை அச்சுக்கூடம் வழியாக வந்தவை, கலரே பதிப்புக்குப் பதிப்பு மாறும். “மஞ்சள் வானம்னா ஞானம்” என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டுவதாக இல்லை. ஆனால் முயல் அப்படியல்ல. முயல் தப்பில் வராது. ஒருத்தர் மெனக்கெட்டு வரைந்தால்தான் வரும்.

சரி, மெனக்கெட்டதற்குக் கூலி? அந்த வருஷ நவம்பரில், நியூயார்க்கில் தன் படங்களைக் கண்காட்சி வைத்த புகைப்படக்காரர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு பமேலா ஒரு கடிதம் எழுதினார். பெரிய வேலை ஒன்றை முடித்தேன், பணம் ரொம்பக் கொஞ்சம் என்று. 1951-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ப்யூட் என்ற ஊரில் இறந்தபோது, கடனை அடைக்க அவர் சாமான்களை ஏலம் போட வேண்டியிருந்தது. கல்லறை எது என்றுகூடத் தெரியவில்லை. 1970-களில் அமெரிக்காவில் அந்தக் கட்டு திரும்ப அச்சாகி உலகமெல்லாம் பறந்தது. பெயர்? ‘ரைடர்-வெய்ட்’. பதிப்பாளர் உண்டு, திட்டம் போட்டவர் உண்டு, வரைந்தவர் இல்லை. ‘ஸ்மித்’தையும் சேர்த்துச் சொல்வது வெகுகாலம் கழித்துத்தான் பழக்கத்துக்கு வந்தது.

ஆனால் அம்மணி கெட்டிக்காரி. யாரும் போடாவிட்டால் என்ன என்று படத்துக்குள்ளேயே தன் பெயரைப் போட்டுவைத்திருக்கிறார். பி, சி, எஸ் என்ற மூன்று எழுத்தையும் கொடி மாதிரிப் பின்னி, சின்னதாக, அடியில். ஆமாம், அந்தக் குண்டலினிப் பாம்பேதான்!

மனைவியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “முயலை விட்டவளும் அவள்தானே?” என்று மட்டும் கேட்டாள்.

தையல் கிளாஸ் ஆரம்பித்தாகிவிட்டது. ஃப்ளெக்ஸ் வேண்டாம், கையால் எழுதலாம் என்று பெயிண்டரைப் பிடித்தோம். போர்டை முடித்துவிட்டு, கீழ் மூலையில் எறும்பு சைஸில் தன் பெயரை எழுதப் போனார் அவர்.

“கொஞ்சம் பெரிசாவே போட்டுக்குங்கண்ணே” என்றாள்.