பழைய ஜெட் போட் வாங்கப் போறீங்களா? முதல்ல அடியில படுத்துப் பாருங்க

பழைய கார் வாங்கறதைப் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் டாலஸ்ல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "ப்ரோ, நாங்க மூணு குடும்பம் சேர்ந்து ஒரு செகண்ட் ஹேண்ட் ஜெட் போட் வாங்கலாம்னு இருக்கோம். இருபதாயிரம் டாலர் பக்கம் வருது. எங்களுக்குப் படகைப் பத்தி ஒண்ணும் தெரியாது. எதைப் பார்க்கணும்?" இதான் கேள்வி.

நானும் படகுக்காரன் கிடையாது. முட்டுக்காட்டுல டிக்கெட் வாங்கி ஏறினதோட நம்ம படகு அனுபவம் முடிஞ்சது. படிச்சது மெக்கானிக்கல், பார்க்கிறது சாஃப்ட்வேர் வேலை, இருக்கிறது ஆஸ்டின்ல. ஆனா போன கோடையில என் காலேஜ் நண்பன் ஒருத்தன் லேக் ட்ராவிஸ்ல ஓட்ட ஜெட் போட் தேடினப்ப, மூணு படகு பார்க்க அவன்கூடப் போனேன். அதுக்காக சர்வீஸ் மேனுவல் எல்லாம் உட்கார்ந்து படிச்சேன். அந்தப் படிப்பும் அந்த மூணு படகும்தான் இன்னைக்கு மேட்டர்.

முதல்ல ஜெட் போட்னா என்னன்னு சொல்லிடறேன். சாதாரண மோட்டார் படகுல பின்னாடி ஒரு விசிறி, அதாவது ப்ரொப்பெல்லர், வெளியே சுத்தும். ஜெட் போட்ல வெளியே எதுவும் சுத்தாது. படகோட அடியில ஒரு வாய் இருக்கும். அதுல கம்பி மாதிரி ஒரு கிரேட். அது வழியா தண்ணி உள்ளே போகும், உள்ளே இம்பெல்லர்ங்கற சுழலி அதைத் தள்ளும், அப்புறம் அசையாத தகடுகள் அந்தச் சுழற்சியை நேராக்கும், கடைசியில குறுகலான நாசில் வழியா தண்ணி பின்னாடி பீய்ச்சி அடிக்கும். நியூட்டனோட மூணாவது விதி, படகு முன்னாடி போகும். நியூசிலாந்துல பில் ஹாமில்டன்ங்கறவர் 1950கள்ல இதை உருப்படியா வேலை செய்ய வச்சார். அவர் ஊர்ப்பக்கம் ஆறெல்லாம் கணுக்கால் அளவு தண்ணி, அடியில முழுக்கக் கல்லு. ப்ரொப்பெல்லர் போட்டா முதல் வளைவுலயே உடைஞ்சிடும். 1960ல இந்த வகைப் படகுகள் கிராண்ட் கேன்யன்ல கொலராடோ ஆத்தை எதிர்த்து மேலேயே ஏறிப் போயிருக்கு.

இந்த டிசைன்ல இருந்து ரெண்டு விஷயம் வருது, ரெண்டையும் மனசுல வச்சுக்கோங்க. ஒண்ணு, இது அடியில இருக்கிறதை எல்லாம் உறிஞ்சும் மெஷின். தண்ணியோட மணல், கூழாங்கல், கயிறு எல்லாம் உள்ளே போகும். ரெண்டு, பீய்ச்சுற தண்ணிதான் ஸ்டியரிங். த்ராட்டிலை விட்டுட்டா படகு திரும்பாது. அதைப் பத்திக் கடைசியில பேசறேன்.

சோதனையை எந்த வரிசையில செய்யறது? எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. காசு செலவாகாத, சீக்கிரம் முடியுற டெஸ்டை முதல்ல ஓட்டுவோம். அது ஃபெயில் ஆனா மத்ததுக்கு நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. படகுக்கும் அதேதான். காசு செலவாகாத டெஸ்ட் பேப்பர்.

அமெரிக்காவுல ஒவ்வொரு படகுக்கும் ஹல் அடையாள எண் இருக்கும், எச்ஐஎன்னு சொல்லுவாங்க. படகோட பின்பக்கச் சுவர்ல, வலது மேல் மூலையில 12 எழுத்தா பொறிச்சிருக்கும். முதல் மூணு தயாரிப்பாளர், அடுத்த அஞ்சு சீரியல். ஒன்பதாவது இடத்துல இருக்கிற எழுத்து மாசம்: ஏ-ன்னா ஜனவரி, எல்-னா டிசம்பர். அடுத்த இலக்கம் எந்த வருஷம் தயாரிச்சதுங்கறது, கடைசி ரெண்டும் மாடல் வருஷம். இதைப் படிக்கத் தெரிஞ்சா விளம்பரத்துல போட்டிருக்கிற வருஷம் உண்மையான்னு நின்ன இடத்துலயே சொல்லிடலாம். நாங்க பார்த்த முதல் படகுல டைட்டில்ல இருந்த எண்ணும் படகுல இருந்த எண்ணும் ஒரு எழுத்து மாறியிருந்தது. "அது டைப்பிங் மிஸ்டேக் தம்பி"ன்ற மாதிரி சிரிச்சார் விற்கிறவர். இருக்கலாம். ஆனா திருட்டுப் படகா இருந்தா ஒருநாள் போலீஸ் எடுத்துட்டுப் போயிடும், கொடுத்த காசு அவ்வளவுதான். திருத்தின டைட்டிலோட கூப்பிடுங்கன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டோம். கூப்பிடவே இல்லை. டெக்சஸ்ல படகு டைட்டில் கொடுக்கிறது பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை. அதுல கடன் பாக்கி ஏதாவது பதிவாகியிருக்கான்னும் பார்த்துடுங்க. டிரெய்லருக்குத் தனி எண், தனிப் பேப்பர்.

பேப்பர் சரின்னா, போறதுக்கு முன்னாடி ஒரு போன்: "நாங்க வர்ற வரைக்கும் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் முதல் வேலையா இன்ஜின்மேல கையை வைங்க. ரெண்டாவது படகுல கையை வச்சா சுட்டுது. குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகறதுல ஏதோ சிக்கல், அதான் சூடாக்கி வச்சிருக்காருன்னு எனக்குப் பட்டது. வேற காரணமும் இருந்திருக்கலாம். ஆனா கேட்டுக்கிட்டும் செய்யலைன்னா, மத்ததுல அவர் வார்த்தையை நான் எப்படி நம்பறது?

டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயிலைப் பாருங்க. பால் காபி நிறத்துல இருந்தா உள்ளே தண்ணி போயிருக்கு, பேச்சே வேண்டாம். கம்ப்ரெஷன் டெஸ்ட்டுக்கு ஒரு மரைன் மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. எல்லா சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு பத்து சதவீதத்துக்குள்ள இருக்கணும். அவர்கிட்ட அந்தக் கம்பெனியோட டயக்னாஸ்டிக் சாஃப்ட்வேர் இருந்தா இன்னும் நல்லது. பல மாடல்கள்ல இன்ஜின் கம்ப்யூட்டர், எந்த ஆர்பிஎம்ல எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பிரிச்சுப் பிரிச்சு வச்சிருக்கும். "மெதுவாத்தான் ஓட்டினோம், குழந்தைங்க இருக்காங்க"ன்னு சொல்றவரோட படகு பாதி நேரம் முழு த்ராட்டில்ல ஓடியிருந்தா லாக் காட்டிக் கொடுத்துடும். சூப்பர்சார்ஜர் உள்ள இன்ஜின்னா, அதை எப்ப பிரிச்சு சர்வீஸ் பண்ணாங்க, ரசீது எங்கேன்னு கேளுங்க.

இப்போ பம்ப். ஜெட் போட்டோட உயிர் இங்கதான் இருக்கு, ஆனா பெரும்பாலும் யாரும் குனிஞ்சுகூடப் பார்க்கிறதில்லை. சீட்டு கிழிஞ்சிருக்கா, ஸ்பீக்கர் பாடுதான்னு பார்த்துட்டு வந்துடறாங்க. சாவியையும் கில் ஸ்விட்ச் கயிறையும் கழட்டி உங்க பாக்கெட்ல போடுங்க. இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க, பம்புக்குள்ள விரலை விடப் போறீங்க. அப்புறம் ஒரு பழைய துணியை விரிச்சு டிரெய்லருக்கு அடியில படுத்து, டார்ச் அடிச்சு, கிரேட் வழியா மேலே பாருங்க.

இம்பெல்லரோட முன் விளிம்பு கத்தி மாதிரி வழுவழுன்னு இருக்கணும். கல்லு பட்டா அங்கங்க பல்லு போன மாதிரி இருக்கும். சின்னச் சின்னக் காயம் பரவாயில்லை, கடைக்காரர் சீர் பண்ணிடுவார். மடிஞ்சிருந்தா, பெரிய துண்டு போயிருந்தா அது வேற கணக்கு. அடுத்தது இம்பெல்லரைச் சுத்தி இருக்கிற உறை, வியர் ரிங்னு சொல்லுவாங்க. இம்பெல்லர் நுனிக்கும் இதுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் முக்கியம். புதுசுல பொதுவா அரை மில்லிமீட்டருக்கும் கம்மி. ஒரு மில்லிமீட்டரை நெருங்கிட்டா தள்ளின தண்ணியே அந்தச் சந்து வழியா திரும்பி வந்துடும். ஓட்டை வாளியில தண்ணி சேந்தற கதை. பத்து டாலருக்குக் கிடைக்கிற ஃபீலர் கேஜை நாலு பக்கமும் விட்டுப் பாருங்க. உங்க மாடலுக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். உறையில விரல் நகம் மாட்டுற அளவு கோடு இருந்தா மணலும் கல்லும் நிறைய தின்னிருக்கு. சில மாடல்ல இந்த ரிங் பிளாஸ்டிக், மாத்தறது மலிவு. சில மாடல்ல உறையோட சேர்ந்தே வரும், பர்ஸ் காலி. பார்க்கப் போறதுக்கு முன்னாடியே எதுன்னு விசாரிச்சுக்கோங்க.

பின்பக்கம் வந்து இம்பெல்லரைக் கையால சுத்துங்க. கரகரன்னு சத்தம் வந்தா பேரிங் போச்சு. தண்டுல கயிறு, தூண்டில் நரம்பு சுத்தியிருக்கான்னும் பாருங்க. ஸ்டியரிங்கை ஒரு ஆளைத் திருப்பச் சொல்லி நாசில் அலுங்காமத் திரும்புதா, ரிவர்ஸ் பக்கெட் முழுசா இறங்கி ஏறுதான்னு பார்க்கணும். ஜெட் போட்ல ரிவர்ஸ் கியர் கிடையாது. ஒரு மூடி இறங்கி, பீய்ச்சுற தண்ணியை முன்பக்கமா திருப்பி விடும், அவ்வளவுதான். வெள்ளை வெள்ளையா பொடி பூத்து அலுமினியம் அரிச்சிருந்தா, துத்தநாகக் கட்டிகள் கரைஞ்சு போயிருந்தா, அந்தப் படகு கால்வெஸ்டன் பக்கம் உப்புத் தண்ணியில வாழ்ந்திருக்கு. உப்புத் தண்ணி பாவம் இல்லை, ஒவ்வொரு தடவையும் கழுவாம விட்டதுதான் பாவம்.

தரையிலேயே ஹோஸ் மாட்டி ஓட்டிக் காட்டுவாங்க. இந்த வகை இன்ஜின்கள்ல முதல்ல ஸ்டார்ட், அப்புறம் தண்ணி. நிறுத்தும்போது முதல்ல தண்ணியை மூடணும், அப்புறம் இன்ஜின். இன்ஜின் ஓடாதப்ப தண்ணி விட்டா அதை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் காத்து இருக்காது, சிலிண்டர் வரைக்கும் ஏறிடும். விற்கிறவர் எந்த வரிசையில செய்யறார்னு சும்மா கவனிங்க. தலைகீழா செஞ்சார்னா, இத்தனை வருஷமும் அப்படித்தான் செஞ்சிருப்பார்.

ஃபைபர் ஹல்லை ஒரு பிளாஸ்டிக் சுத்தியலால தட்டிப் பாருங்க, மார்க்கெட்ல தேங்காய் தட்டிப் பார்க்கிற மாதிரி. கணீர்னு கேட்டா நல்லது, பொத்துன்னு கேட்டா உள்ளே ஈரமோ பிளவோ இருக்கு. பழைய வி8 இன்ஜின் வச்ச படகுன்னா, 2021 பிப்ரவரி குளிர்ல எங்கே நின்னதுன்னு கேளுங்க. தண்ணி வடிக்காம விட்ட இன்ஜின் பிளாக் உறைஞ்சு வெடிச்சிருக்கலாம். டிரெய்லர் டயர்ல நாலு இலக்கம் இருக்கும்: 2317-ன்னா 2017ல 23வது வாரம் செஞ்ச டயர். பட்டன் புதுசா இருந்தாலும் வயசான டயர் ஹைவேல வெடிக்கும்.

இவ்வளவும் பாஸ் ஆனாத்தான் ஏரி. தண்ணியில ஓட்டவிட மாட்டேன்னு சொன்னா வாங்காதீங்க, விலை எவ்வளவு குறைஞ்சாலும் சரி. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ப்ளோயரை நாலு நிமிஷம் ஓட விடணும். பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம், அடியில தங்கும், ஒரு பொறி போதும்.

மூணாவது படகு ரெட்டை இன்ஜின். பேப்பர் சுத்தம், இன்ஜின் குளிர்ந்திருந்தது, கம்ப்ரெஷன் அருமை. ஏரியில ரெண்டு லிவரையும் ஒரே அளவுல வச்சா, இடது இன்ஜின் வலதைவிட 600 ஆர்பிஎம் கூட காட்டுது, ஆனா படகு இடது பக்கம் இழுக்குது. அதாவது இடது இன்ஜின் வேகமா சுத்துது, தள்ளுறது கம்மி. இதுதான் கேவிட்டேஷன்: இம்பெல்லர் தண்ணிக்குப் பதிலா குமிழியைக் கடையுது. ஆர்பிஎம் கூட, வேகம் கம்மின்னா பம்ப்ல தேடுங்க. ஆர்பிஎம்மே ஏறலைன்னா இன்ஜின்ல தேடுங்க. கரைக்கு வந்து ஃபீலர் கேஜை விட்டா இடது பக்கம் இடைவெளி ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிடுச்சு. மெக்கானிக் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டைக் காட்டினோம், விற்கிறவர் முணுமுணுத்துட்டு 1,800 டாலர் குறைச்சார்.

அதே ஓட்டத்துல இன்னொண்ணும் செய்யச் சொன்னேன். ஆள் இல்லாத இடத்துல, நடுத்தர வேகத்துல, த்ராட்டிலை முழுசா விட்டுட்டு ஸ்டியரிங்கைத் திருப்புன்னேன். திருப்பினான். படகு நேராவே போச்சு. அவன் முகம் மாறிடுச்சு. எதிர்ல நீந்துற ஆள் வந்தா பயத்துல கை தானா த்ராட்டிலை விடும், அங்கதான் விபத்து. புது மாடல்கள்ல இதுக்குச் சின்னத் துடுப்புத் தகடுகள் உண்டு, பழசுல பலதுல கிடையாது. டாலஸ் நண்பரே, மூணு குடும்பத்துல யார் யார் ஓட்டப் போறாங்களோ அத்தனை பேரும் வாங்கறதுக்கு முன்னாடியே இதைச் செஞ்சு பார்க்கணும். கில் ஸ்விட்ச் கயிறை இழுத்தா இன்ஜின் சட்டுன்னு நிக்குதான்னும் பாருங்க. 26 அடிக்குக் குறைவான படகுல ஓட்டுறவர் வேகமா போறப்ப அதை மாட்டியே ஆகணும், 2021 ஏப்ரல்ல இருந்து இது சட்டம்.

கரை ஏறினதும் இன்ஜின் மூடியைத் திறந்து அடியில பாருங்க. கிளம்பும்போது காய்ஞ்சிருந்த இடத்துல தண்ணி நின்னா எங்கேயோ சீல் போயிருக்கு. எங்களுக்குக் காய்ஞ்சே இருந்தது, நண்பன் வாங்கிட்டான். டெக்சஸ்ல 6.25 சதவீதம் விற்பனை வரி, அதை பட்ஜெட்ல சேர்த்துக்கோங்க. அப்புறம் 1993 செப்டம்பர் 1 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க தனியா ஓட்டணும்னா போட்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிச்சிருக்கணும். உங்க மூணு குடும்பத்துல பாதிப் பேர் அதுல வருவீங்கன்னு நினைக்கிறேன். ஆன்லைன்லயே இருக்கு, ஒரு சனிக்கிழமை போதும்.